பைப்புக்குக் கட்டிய பேண்டேஜ்

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் நன்னாரி சர்பத் வாங்கினேன். பேச்சுவாக்கில் பாதி குடித்து வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், ஐஸ் போட்ட டம்ளர் வெளியெல்லாம் வேர்த்து மேஜையில் குட்டிக் குளம். துடைக்க வந்த கடைக்காரரின் கையைப் பிடித்து, ‘இருக்கட்டும்’ என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது?

என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து, ராஜபாளையத்தில் என் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஆஸ்தான மோட்டார் மெக்கானிக் நீங்கள்தான். தரைக்கடியில் குடோன் கட்டினேன். மழைக்காலத்தில் தரையெல்லாம் ஊற்று. நீங்கள் மூலையில் குழி வெட்டி, ஊறும் தண்ணீரை வெளியே தள்ள மோட்டார் இறக்கினீர்கள். குடிதண்ணீர்க் குழாயையும் கூரையோரமாக மாட்டிக் கொடுத்தீர்கள்.

ஐப்பசியில் அந்தக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. கீழே, ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முழுச் சரக்கு. இரண்டு நாளில் அதைப் பார்வையிட ஆள் வருகிறார். ஒரு ரோல் ஈரம் என்றாலும் மொத்தச் சரக்கும் வேண்டாம் என்றுவிடுவார்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். நம்மிடம் துணிக்கா பஞ்சம்? நல்ல வெள்ளைப் பேண்டேஜை எடுத்து, நீங்கள் போட்ட ஜாயிண்டுகளுக்கெல்லாம் இறுக்கிக் கட்டுப் போட்டேன். உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி அது. குடித்தவரை குடித்துவிட்டு, முன்னைவிடப் பெரிய சொட்டாக விட்டது. உடனே போனைப் போட்டேன்.

“உங்க ஜாயிண்டு ஒழுகுதுங்க மாப்ளே! என்ன வேலைங்க பாத்திருக்கீங்க?”

வீட்டு மாப்பிள்ளையை ஒருமையில் திட்டும் வழக்கம் நம் பக்கம் இல்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் வரவேண்டும். அதோடு விட்டேனா? தங்கைக்கும் போன் போட்டு, “ஒன் வீட்டுக்காரர் வேலை ஒழுகுது” என்றேன்.

அடுத்த பஸ்ஸில் வந்தீர்கள். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு, “பைப்புக்கு எப்ப மச்சான் ஆக்சிடென்ட் ஆச்சு?” என்றீர்கள். துணி சுற்றும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எதிர்க் கடையில் ஐஸ் வாங்கி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, குடோன் நடுவில் வைத்தீர்கள். செத்த நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்தது.

“டம்ளர்ல எங்க மச்சான் ஓட்டை?”

நான் டம்ளரைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தேன்.

“அய்யனார் கோவில் மலைத்தண்ணி பைப்புல சில்லுனு வருது. தொறந்த குழியில இருந்து ஈரக்காத்து எந்திரிச்சு அதுல படியுது. இது ஒழுக்கு இல்ல, வேர்வை. குழிய மூடணும். மூடுனா நாத்தம் உள்ள அடையும். அது மூச்சு விட ஒரு பைப்ப மாடிக்கு ஏத்தணும்.”

குடிதண்ணீர்க் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை மாட்டினீர்கள். குழிக்கு இறுக்கமான மூடி. காற்றுக்குழாயை மாடிக்கு ஏற்றப் போனபோதுதான் நான் குறுக்கே விழுந்தேன். கம்பெனி முகப்பின் அழகு கெட்டுவிடுமாம். என் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேயே முடிக்கச் சொன்னேன். “வேண்டாம் மச்சான், வருத்தப்படுவிய” என்றீர்கள். காலையிலேயே தோற்ற மனிதனுக்கு ஓர் இடத்திலாவது ஜெயிக்க வேண்டியிருந்தது.

பார்வையிட வந்தவர் சரக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பியை வாயருகே கொண்டுபோனார். குழியில் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். உள்ளே அடைந்திருந்த காற்றெல்லாம் ஜன்னல் வழியாக வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கீழ எதுவும் செத்துக் கிடக்கா சார்?” என்று கேட்டார்.

மறுநாளே காற்றுக்குழாய் மாடிக்குப் போயிற்று, கொசுவலைத் தொப்பியோடு. நீங்கள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஏணியின் உச்சியில் உங்கள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சரக்கு தப்பித்தது. ஆனால், ‘உங்கள் வேலையில் குறையில்லை, நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன்’ என்று நான் சொல்லவே இல்லை. உங்களிடமும் இல்லை, தங்கையிடமும் இல்லை. தீபாவளிக்குச் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷம் ஓட்டினேன். போன தையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

இன்று சர்பத் கடையிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். “ஏட்டி, அன்னைக்கு ஒழுகுனது அவர் ஜாயிண்டு இல்ல. நான்தான் வெவரம் இல்லாம பேசிட்டேன்.”

அவள் சிரித்தாள். “தெரியும்ண்ணே. டம்ளர் கதைய அவிய எம்புட்டுத் தடவ சொல்லிச் சிரிச்சிருக்காவ!” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஆனா ஒங்க கம்பெனிக்குக் கெளம்பும்போதெல்லாம், ‘இன்னைக்காவது மச்சான் சொல்லுதாரான்னு பாப்போம்’னு சொல்லிட்டுத்தான் போவாவ.”

உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை. தப்பு என்னுடையது. நேரில் சொல்ல வேண்டியதை இப்போது எழுதி, கொடுக்க ஆளில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.