அப்பாவின் மூச்சில் நீலம்

அன்புள்ள அப்பாவுக்கு, ரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன்.

ஞாயிறன்று விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் துப்பியது நீலமாக இருந்தது. கேட்டதற்கு, "போர்வெல் லாரிக்கு அடிச்ச பெயிண்டு சாமி. ஷெட்டுக் கதவைத் தொறந்தா ஈரத்துல தூசி ஒட்டிக்கும், அதான் சாத்திட்டு அடிக்கிறோம்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒரே கனவு. நீங்கள் மூச்சு விட விட வானம் நீலமாகிறது, நீங்கள் மட்டும் வெளுத்துக்கொண்டே போகிறீர்கள்.

அடுத்த முறை தேங்காய் எண்ணெயும் சாக்ஸும் கொண்டு வாருங்கள். வார்டனின் டார்ச் வெளிச்சம் தெரிகிறது. முதலாளியிடம் நல்ல மாஸ்க் கேளுங்கள் அப்பா. தரும்வரை கதவைத் திறந்தே வையுங்கள். தூசி ஒட்டினால் லாரிக்கு மறுபடியும் அடித்துக்கொள்ளலாம்.

உங்கள் ரஞ்சனி