வெள்ளைப் பூனைக்கு மஞ்சள் தண்ணீர்

திங்கள், 3

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

பஞ்சுவுக்குப் பெர்மிட் வந்துவிட்டது. கால்நடை அலுவலகப் பேப்பர். பூனை, பெண், வெள்ளை, மூன்று கிலோ. கூடவே படம். சரசு இருந்திருந்தால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். அவள் வளர்த்த பூனை. அவள் கண்ணை மூடி ஏழு மாதம்.

எங்கள் மகன் மகேன் போன் செய்தான். சனிக்கிழமை பிளேனில் நானும் பஞ்சுவும் கடல் தாண்டி கோத்தா கினபாலுவுக்கு. இனி அவன் வீட்டில்தான்.

"தனியா கெடந்து என்னப்பா செய்யப் போறீங்க? பாத்ரூம்ல விழுந்தது மறந்துருச்சா?"

மறக்கவில்லை. பூனை இல்லாமல் வரமாட்டேன் என்று போன மாதம் சொல்லிப் பார்த்தேன். சரி என்றுவிட்டான். அதற்கு மேல் மறுக்கக் காரணம் இல்லை.

புதன், 5

ரவாங் டவுனில் கூண்டு வாங்கினேன். பூனை உள்ளே எழுந்து நின்று திரும்ப இடம் இருக்க வேண்டுமாம். இருக்கிறது. ஆனால் பஞ்சு உள்ளே போவதாக இல்லை. சரசுவின் பழைய கைலியை விரித்தேன். உடனே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

செய்ய: காஸ் மூட. சாமி படங்கள். மாத்திரை. சாவி லெட்சுமியிடம்.

பக்கத்து வீட்டு லெட்சுமி: "போங்கண்ணே. அங்க பேரப்புள்ள இருக்கு. இங்க யாரு இருக்கா?"

நல்ல கேள்வி.

வெள்ளி, 7

வெயில். பெட்டி கட்டியாயிற்று.

வெளியூர் கிளம்புகிற யாரையும் சரசு சும்மா அனுப்பமாட்டாள். வேப்பிலை, மஞ்சள் கலந்த தண்ணீரில் குளிக்க வேண்டும். மகேன் முதன்முதலாக கோத்தா கினபாலு போனபோதும் அப்படித்தான். பஞ்சு பிறந்ததிலிருந்து எங்கள் ஈஜோக்கைத் தாண்டியதில்லை. ஒரு வாளி கலந்து குளிப்பாட்டினேன். கையில் இரண்டு கீறல். எனக்கும் ஒரு வாளி.

மஞ்சள் எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. அதெல்லாம் அவள் கைக்குத்தான் தெரியும். காய்ந்த பிறகு பார்த்தால் பஞ்சு லட்டு மாதிரி இருக்கிறாள்.

சனி, 8

போகவில்லை.

லெட்சுமி புருஷன் மணியம் வேனில் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் போனான். பூனை கார்கோவில்தான் போகுமாம். மலாய் ஆஃபிசர் பேப்பரைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், மறுபடியும் பேப்பர். பிறகு அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"அங்கிள், பேப்பர்ல வெள்ளப் பூனைன்னு இருக்கு. இது மஞ்சளா இருக்கே."

"மஞ்சத் தண்ணி ஊத்துனேன்மா. பயணம் போவுதில்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எனக்குப் புரியுது அங்கிள். ஆஃபிசர் ஒத்துக்கமாட்டார்லா. கலர் போனதும் கொண்டாங்க. பெர்மிட் முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கு. நீங்க வேணா இன்னைக்குப் போங்க."

பஞ்சுவை யாரிடம் விடுவது? கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளேன் போய்விட்டது. மணியம் மறுபடி வந்து கூட்டிக்கொண்டு போனான். நல்ல மனுஷன்.

மகேனுக்குக் கோபம். "ஒரு பூனைக்காகவாப்பா?" பிறகு, "சரி, வெளுத்ததும் சொல்லுங்க. டிக்கெட் போடுறேன்."

செவ்வாய், 11

ஷாம்பு. இரண்டு தடவை. கொஞ்சம் போயிருக்கிறது. காதும் வாலும் இன்னும் மஞ்சள்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. மேலே இருக்கிற சட்டையை மட்டும் எடுத்து உடுத்துகிறேன்.

லெட்சுமி மீன் குழம்பு கொடுத்தாள். பஞ்சுவுக்குத்தான் பாதி.

ஞாயிறு, 16

மழை. வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆட்கள் தள்ளினார்கள். நானும் போய் நின்றேன். ரொம்ப நாள் கழித்து நாலு பேரோடு பேச்சு.

மாலை சரசுவின் நாற்காலியில் பஞ்சு. முதுகு வெளுத்துவிட்டது. வால் நுனி மட்டும் பாக்கி. அங்கே போனால் இந்த நாற்காலி ஏது என்று நினைத்தேன். போக எனக்கு மனமில்லை. மகேனிடம் சொல்ல வாயும் வரவில்லை.

வியாழன், 20

காலையிலேயே மகேன்.

"வெளுத்துருச்சாப்பா?"

"இன்னும் இல்லப்பா. லேசா இருக்கு."

"இவ்ளோ நாளாவா?"

"மஞ்ச அப்படித்தான்."

போனை வைத்தேன். பஞ்சு நாற்காலியில் படுத்திருக்கிறாள். வால் நுனி வரை வெள்ளை. முந்தாநாளே போய்விட்டது.

அடுப்படியில் மஞ்சள் பொட்டலம். இன்னும் பாதி இருக்கிறது.