அப்பா அறையின் காற்று

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அப்பா போன அன்று வந்தவர்களிடமெல்லாம் நீ சொன்னது என் காதில் விழாமல் இல்லை. "காத்து மெஷின் நான் வாங்கினதுங்க. அண்ணன் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தாரு."

ஆமாம், யோசித்தேன். பெரிய சாலையின் லாரிப் புகை, மரங்கள் பூக்கும் மாதத்து மகரந்தம், காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் இரண்டையும் பிடிக்க வேண்டும். அறையை அளந்தேன். வாசனை, ஓசோன் வாயு என்று தானாக எதையும் அறைக்குள் கக்காத, நல்ல அடர்த்தியான ஃபில்டர் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் நீ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டு, "அண்ணா, இதுல கை வைக்காதீங்க. நீங்க தொட்டா ரேடியோகூட ஊமையாயிடும்" என்றாய். உன் மனைவியும் சிரித்தாள். நான் கை வைக்கவில்லை.

அறையைக் காலி செய்கிறேன். மெஷினை என்ன செய்வது, எழுது.

அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? நான் அப்படிப் பேசியது தப்புதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக அப்பா போனில், "இப்ப மூச்சு லேசா வருதுடா" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

மெஷினை இங்கே அனுப்பிவிடுங்கள். பூக்கள் கொட்டத் தொடங்கியதிலிருந்து சின்னவளுக்கு இழுப்பு. தாத்தாவுக்கு உதவினது அவளுக்கும் உதவட்டும்.

உங்கள் தம்பி

ஏப்ரல் 19

தம்பி,

துடைத்து அனுப்பலாம் என்று பின்மூடியைக் கழற்றினேன். ஃபில்டர், கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே, ஒட்டின டேப்போடு வெள்ளை வெளேரென்று இருந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அப்பா அதனால் போனார் என்று நான் சொல்லவில்லை. அவர் நுரையீரலைப் பற்றி டாக்டர் முன்பே கைவிரித்தது உனக்கும் தெரியும். அன்று உன்னோடு பேசி போனை வைத்ததும், இரைக்க இரைக்க என்னிடம், "மூச்சு அப்படியேதான்டா இருக்கு. ஆசையா வாங்கியிருக்கான், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே" என்றார்.

உறையைக் கிழித்துவிட்டுப் பேசாமல் அனுப்பியிருக்கலாம். ஆனால் இது அழுக்கானதும் நீ புது ஃபில்டர் வாங்குவாய், அதையும் உறையோடு மாட்டுவாய். மூச்சு விட வேண்டியது குழந்தை. உன் தூக்கம் போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருக்கிறது. அது எனக்கே பிடிக்கவில்லை.

மெஷின் பார்சலில் வருகிறது. சுவரை ஒட்டி வைக்காதே. அவள் தூங்கும்போது ஜன்னலைச் சாத்து.

'அன்புள்ள அண்ணன்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். வெறும் பெயரைப் போட்டால் பழி தீர்த்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.