கார்த்திகையில் போட்ட ரூம்

கவி அப்பாவுக்கு,

ஆவடி டிரெயினுக்கு நேரமாகிவிட்டது. சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். ஷிப்டுக்குப் போகும்போது சாவியை மாடி வீட்டு சரசா அக்காவிடம் கொடுங்கள், கவி ஸ்கூல் விட்டு வந்து வாங்கிக்கொள்வாள்.

கடற்கரைக்கு மாசியில் போகலாம் என்றேன். லீவு இப்போதுதான் என்று கார்த்திகையில் ரூம் போட்டுவிட்டீர்கள். "கடல்ல கால் வைக்க இன்னா சீசன் கீது?" என்று நேற்று சிரித்தீர்கள். என் தம்பி ஜெகதீசனும் கார்த்திகையில்தான், மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாளில் இறங்கினான். மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

அகல்யா

பி.கு: கவியின் நீச்சல் டியூபைத் தேடாதீர்கள். நான்தான் கத்தரித்தேன். எலி கடித்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் ரூம் போட்ட தேதியைக் காலண்டரில் பார்த்தேன். இந்த வருஷம் ஜெகதீசன் திதி அன்றைக்குத்தான் வருகிறது.