இரண்டு முகப் பேனலும் அக்கா வீட்டுத் தளமும்

பிப்ரவரி 9, திங்கள்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். காற்று பேருக்குக்கூட இல்லை. சர்க்கரை மாத்திரை மறந்துவிட்டது.

கா. 10, கடியப்பட்டணம், அக்கா வீடு. அவள் மகன் ஜோபினுக்கு மாடியில் சோலார் வேண்டுமாம். அதுவும் இரண்டு பக்கமும் கரண்ட் எடுக்கும் ரகம். மேல்முகத்துக்கு வெயில், அடிமுகத்துக்குத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். குவைத்தில் இருந்துகொண்டு வீடியோ பார்த்தே இன்ஜினியர் ஆகிவிட்டான். "மாமா, நீங்க கட்டுன வீடு. நீங்களே பாத்து மாத்தணும், கேட்டியளா?"

மாற்ற வேண்டியவை:
– பேனல் தளத்தோடு படுத்துக் கிடந்தால் அடிமுகம் வீண். எட்டடிக் கால் நட வேண்டும்
– தளம் முழுக்க வெள்ளைப் பூச்சு
– கைப்பிடிச் சுவர் வெளிச்சத்தை மறிக்கும். ஒரு அடி விட்டு மீதியை இடித்து, பைப் கம்பி
– தண்ணீர்த் தொட்டி வடக்கு மூலைக்கு
– துணிக்கொடி? அக்காவிடம் கேட்க

புதிதாகக் கட்டுகிற வீடென்றால் ஜோராகச் செய்யலாம். பேனலே மேல்கூரை, அடியில் நாற்காலி போட்டு உட்காரலாம். பழைய வீட்டில் ஒட்டுப் போடுவதுதான் பெரும்பாடு.

பிப். 11, புதன்

மூட்டம். முழங்கால் வலி.

அக்கா சண்டைக்கு வந்தாள். "தளத்துல வெள்ளை அடிச்சா நெத்திலி எங்கலே காயப் போடுவேன்? ஒனக்க மருமவன் குவைத்துல இருந்து வந்து காயப் போடுவானா?" சிரித்துவிட்டேன். தெற்குப் பக்கம் நாலடி அவளுக்கு விட்டாயிற்று.

மாலை படத்தில் கால்களைக் குறித்தேன். பின்வரிசைக் கால் இரண்டும் பின்னறைத் தளத்தின் மேல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை எங்கேயாவது எழுதத்தான் வேண்டும். அப்போது நான் கொத்தனார்; கான்ட்ராக்ட் எடுப்பதெல்லாம் பிறகுதான். அக்கா வீட்டுக்குத் தளம் போட்ட அன்று பின்னறை வரும்போது ஆற்று மணல் தீர்ந்துபோயிற்று. அடுத்த லாரி வரவில்லை. ஆட்கள் நிற்கிறார்கள், மிக்சர் ஓடுகிறது. கடலோரம் போய்க் கடப்புறத்து மண்ணைக் கூடை கூடையாக அள்ளிப் போடச் சொன்னேன். ஒரு தடவை அலசினோமே என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பு மண் கம்பியைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததா?

பிப். 12, வியாழன்

பேனல் மாட்டுகிறவர்கள் வந்தார்கள். முன்பக்கம் துளை போட்டபோது சாம்பல் நிறத் தூள். நல்ல கான்கிரீட். பின்னறை மேல் போட்டபோது செங்கல் நிறத்தில் துரு. போல்ட்டை முறுக்கினால் கையோடு வருகிறது.

சூப்பர்வைசர் காதருகே வந்து, "சார், கெமிக்கல் போட்டு ஒட்டிரலாம். யாரு பாக்கப் போறா?" என்றான்.

அன்று நான் சொன்னதும் இதேதான். அவனைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். எட்டடி உயரத்தில் அத்தனை பேனலும் கடல் காற்றைப் பிடித்து இழுத்தால் அந்தத் தளம் என்ன ஆகும்?

ஜோபினுக்குப் போன். பிளானில் சின்ன மாற்றம் என்றேன். "நீங்க சொன்னா சரி மாமா."

பிப். 13, வெள்ளி

வெளியே போகவில்லை. புதுப் படம் போட்டேன். பின்னறையை விட்டுவிட்டு முன்பக்கம் மட்டும் ஆறு பேனல். நன்றாகவே வந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கால் நடாவிட்டால் மட்டும் பின்னறை நின்றுவிடுமா? ஒளிய ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

பிப். 15, ஞாயிறு

பூசை முடிந்து நேராக அக்கா வீடு. ஜோபினின் மனைவியும் பிள்ளைகளும் இன்னும் கோயிலில். அக்கா பின்வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்லே."

"எப்படி?"

"மழை பெஞ்சா உள்ள சீலிங்குல வெள்ளையா பூக்கும். தொட்டு நக்கிப் பாத்தேன். கடப்புறத்துல பொறந்தவளுக்கு உப்பு தெரியாதா?"

"எனக்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? ஊருக்குத் தெரிஞ்சா ஒனக்கு எவன்லே வேல தருவான்? பெயிண்ட் அடிச்சு மறைச்சேன். ரெண்டு வாட்டி பூச்சு பேந்து விழுந்துச்சு. சிமெண்ட் கொழச்சு நானே அப்புனேன்."

"அங்க யாரு படுக்கா?"

"பிள்ளையள விடுவனா? நான்தான்."

பின்னறைக்குப் போனேன். அவள் கட்டிலுக்கு நேர் மேலே பூச்சு உப்பி நிற்கிறது. கட்டிலை இழுத்து வெளியே போட்டேன்.

பிப். 16, திங்கள்

கா. 8. இரும்பு முட்டு பன்னிரண்டு, பலகை ஆறு, ஆள் மூன்று. பின்னறைக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. இனி அந்தத் தளத்தை இடிப்பதைத் தவிர வழியில்லை.

ஜோபினுக்குப் போன், ஸ்பீக்கரில். பின்னறைத் தளம் முழுக்கக் கடல் மண், கம்பி போய்விட்டது என்றேன்.

"கடல் மண்ணா? யாரு மாமா போட்டது?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "லாரிக்காரன் ஏமாத்திட்டான் மக்கா. மாமாவுக்கே இப்பதான் தெரியும்."

பக்கத்தில்தான் நின்றேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

"மாமா பாவம்மா," என்றான் ஜோபின். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."