பொங்கிய பால்

என்னங்க,

சௌக்கியமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் கம்பெனி வேலையும் பழகிவிட்டது.

எங்கள் அறையில் நாலு பெண்கள், நாலு நாட்டுக்காரர்கள். வெந்நீர் வைப்பதில்கூட ஒற்றுமை கிடையாது. நர்ஸ் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். அது தானே அணைந்துகொள்ளும். சமையல்காரி தண்ணீரைக் கப்போடு மைக்ரோவேவில் சுழலவிடுவாள். இஸ்திரிக்காரி காலையில் ஃபிளாஸ்கை நிரப்பி, நாள் முழுக்க அதை வைத்தே ஒப்பேற்றுவாள். நான் மட்டும் பாலும் தண்ணீரும் டீத்தூளுமாக அடுப்பில் ஏற்றிவிட்டுக் காவல் நிற்பேன். "இது டீயா, சமையலா?" என்று நர்ஸ் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கிவிட்டது. பயப்படாதீர்கள், கொஞ்சம் புகைதான். அதற்கே அலாரம் அலறி, மூன்று மாடி ஜனமும் தெருவில் நின்றது. நர்ஸ் தலையில் சோப்பு நுரையோடு. காவலாளி கடுகடுவென்று மேலே வந்தார். பாத்திரத்தில் மிஞ்சிய டீயை நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்றார்.

ஒரு டீ வடிகட்டி அனுப்புங்கள். இப்போது எதில் வடிகட்டுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கூடவே நாலு வரி எழுதிப் போடுங்கள்.

பேப்பர் படித்துக்கொண்டே பாலைப் பொங்கவிடுகிறீர்கள் என்று உங்களை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இனி வாயைத் திறக்க மாட்டேன். அன்று என் கையில் இருந்தது உங்கள் போன கடிதம். நாலாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள்
சண்டைக்காரி