மல்லாந்து கிடந்தவள்

மார்ச் 4

அன்புள்ள கப்பல்காரிக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீ போட்ட அட்டை வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் நான்கே வரி. கடலுக்குக் கொடுத்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம். உன் கப்பல் எப்போது எந்தக் கரையில் நிற்கும் என்று உன் கம்பெனிக்காரர்களுக்கே தெரியவில்லை. இந்தக் கடிதம் உன்னை எங்கே பிடிக்குமோ, பார்ப்போம்.

உன் அண்ணனின் அறையைத் திறந்துவிட்டேன். அவர் போனதிலிருந்து அங்கே நின்று ஒரு மூச்சுகூட விட்டதில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உள்ளே போவேன், மூன்று சிலந்திப் பெட்டிகளுக்கும் மூடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றுவேன், ஓடி வந்துவிடுவேன். கல்யாணமான புதிதில், "ஒண்ணு அந்த டாரன்டுலாங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சண்டை போட்டவள் நான். அதற்கு அவர், "சண்டை எதுக்கு? நீ ஹால்ல இரு, அதுங்க ரூம்ல இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அந்த ஏற்பாடு இத்தனை வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

இப்போது ஏன் திறந்தேன் என்றால், உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். நிதானமாக, விட்டுவிட்டு. லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்ததும் சாவியைத் தேடச் சோம்பல்பட்டு விரல் முட்டியால் தட்டுவாரே, அதே மாதிரி. "வரேன், வரேன்" என்று வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை. கடைசியில் துணிந்து அறைக்குள் விளக்கைப் போட்டால், தட்டுவது ஜன்னலோரப் பெட்டி. உள்ளே அந்த ஒல்லிக்கால்காரன் முன்னங்கால்களால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான்தான் சாப்பாடு போடுகிறேன். கரப்பானைக் கண்டால் செருப்பைத் தூக்கியவள், இப்போது இவர்களுக்குத் தீனியாக அவர் வளர்த்த ஒரு வாளிக் கரப்பானுக்குக் கேரட் நறுக்குகிறேன். மற்ற இரண்டும் சாப்பிடுகின்றன. பெரியவள் மட்டும் தொடவே மாட்டேன் என்கிறாள். பின்பக்கம் ரோமம் கொட்டிக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. உன் அண்ணன் இருந்தால் கேட்டிருப்பேன். இருந்தவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ அவரோடு சேர்ந்து வளர்த்தவள், எழுது. இன்னொன்று. அவர் போன அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கோபமா, இரக்கமா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

உன் அண்ணி

—

மார்ச் 29

அன்பு அண்ணிக்கு,

நான்கு வரி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். கப்பலில் பாதிப் பேருக்குத் தலைசுற்றல், மீதிப் பேருக்குப் பல்வலி. நர்ஸ் ஒருத்திதான், நான்.

தட்டுகிறவன் மேனேஜர். சட்டை கசங்காமல் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று அண்ணன் வைத்த பெயர். ஆண் சிலந்தி அண்ணி, வயசுக்கு வந்துவிட்டான். பெண் இருக்கிறாளா என்று தட்டிப் பார்க்கிறான். பதில் வராவிட்டாலும் தட்டிக்கொண்டேதான் இருப்பான், சாகும்வரை. வேறொன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது.

பெரியவளைப் பற்றிக் கவலை வேண்டாம். பாம்பு மாதிரி சட்டை உரிக்கப் போகிறாள். அதற்கு முன்னால் பட்டினி கிடப்பாள். கரப்பானை உள்ளே விடாதீர்கள், பெட்டியை அசைக்காதீர்கள், தண்ணீர் மட்டும் போதும். முதுகை உதறினால் கிட்டே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். ரோமம் பறந்து ஒட்டினால் நாலு நாளைக்கு அரிக்கும்.

அந்த வீட்டில் அவள் உங்களுக்கு மூத்தவள், தெரியுமா? நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மருந்து டப்பாவில் வந்தவள். அவள் கையில் ஏறினால் அண்ணன் மூச்சு விடமாட்டான். "பேசாதடி, அவ யோசிக்கிறா" என்பான். மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுக்கிறதென்றால் கொடுங்கள். இவளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெண் என்பதால் இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாள். அவள் இருக்கிற வரைக்கும் அண்ணன் கொஞ்சம் இருக்கிறான் என்று மனசில் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

அந்த நாளைப் பற்றிக் கேட்பேன் அண்ணி. இப்போது முடியவில்லை.

உங்கள் கப்பல்காரி

—

ஏப்ரல் 17

என் கண்ணே,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெரியவள் போய்விட்டாள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கரப்பான் போடவில்லை, பெட்டியைத் தொடவில்லை. அரிப்புகூட வாங்கிக்கொண்டேன், முழங்கை வரைக்கும் தடித்திருக்கிறது. இன்று கடைக்குக் கிளம்புமுன் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறாள். எட்டுக் காலும் மேலே விரிந்து அப்படியே நிற்கிறது. கூப்பிட்டேன். அதற்குக் காது இல்லை என்று தெரியும், இருந்தாலும் கூப்பிட்டேன். ஸ்பூன் காம்பால் தொட்டேன். அசைவில்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

குப்பையில் போட மனசு வரவில்லை. உன் அண்ணனின் கைக்குட்டையில் இறுக்கமாகச் சுற்றி, பால்கனித் தொட்டியில் புதைத்தேன். நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. என்னைத் திட்டிவிடு.

உன் அண்ணி

—

மே 6

அண்ணி,

அவள் சாகவில்லை.

மல்லாந்து படுத்துத்தான் சட்டை உரிப்பார்கள். மணிக்கணக்கில் அசையாமல் அப்படித்தான் கிடப்பார்கள். நின்ற நிலையில் கால்களெல்லாம் வயிற்றுக்கு அடியில் சுருண்டிருந்தால்தான் சாவு. இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இது யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிட்டேன். அண்ணனோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்குத் தெரியாதா?

ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? உங்களுக்கு எப்போதும் ஏன் இந்த அவசரம்? அண்ணனையும் இப்படித்தான் செய்தீர்கள். நான் கரைக்கு வர ஒரே ஒரு நாள் இருந்தது. "நான் வர்றவரைக்கும் வச்சிருங்க" என்று கப்பல் ரேடியோவில் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தால் ஈரமண். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு நாடி பார்த்தவள் நான். என் அண்ணனுக்கு யார் பார்த்தார்கள்? சரியாகப் பார்த்தார்களா? நீங்கள் பார்த்தீர்களா?

கேட்கச் சொன்னீர்களே, கேட்டுவிட்டேன்.

—

மே 25

அன்புள்ள கப்பல்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு தொட்டியைத் தோண்டினேன். கைக்குட்டை கிடைத்தது, ஒரு முனை அவிழ்ந்திருந்தது. உள்ளே அவள் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதே ரோமம், அதே கால்கள், கொடுக்குப் பற்கள்கூட. எடுத்தால் கனமே இல்லை. வெறும் சட்டை. பக்கத்தில் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வழி போகிறது. தொட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். இல்லை.

வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறாள். செருப்பை உதறிப் போடுகிறேன். தலையணையைத் தூக்கிப் பார்த்துப் படுக்கிறேன். ஒரு காலை குளியலறை மூலையில் வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. துடைக்கவில்லை, பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பார்த்தேன். டாக்டரிடம், "இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றேன். பார்த்தார். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் பார்த்தார். அப்புறம் என் கையை எடுத்து உன் அண்ணன் நெஞ்சில் வைத்தார். அவர்களாக எடுத்துவிடும்வரை அந்தக் கை அங்கேதான் இருந்தது.

முகத்தைத் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். நான் திறந்தேன். லிஃப்ட் குழியில் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடது காது மட்டும் இருந்தபடியே இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காதில் சொன்னேன். நீ வந்தால் கட்டாயம் திறந்து பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நீ வருவதற்குள் முடிக்கச் சொன்னேன். நீ கரைக்கு வந்த அன்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபப்பட்டாலும் பரவாயில்லை, சிரித்த முகத்தோடே அவர் உனக்கு இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த விஷயத்தில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, நேற்று வரைக்கும். இப்போது வருகிறது. செத்துவிட்டாள் என்று இந்தக் கண்ணால் பார்த்து, இந்தக் கையால் புதைத்தவள் எழுந்து போய்விட்டாள். ஒரு மண்ணைத் தோண்டிக் காலியாகப் பார்த்தவள், இன்னொரு மண்ணை எப்படி நம்புவேன்? மேனேஜர் தட்டும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். அவன்தான் தட்டுகிறான் என்று தெரிந்தும் எழுந்து நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீதான் ஏதாவது எழுத வேண்டும்.

உன் அண்ணி

—

ஜூலை 2

அன்புள்ள கப்பல்காரிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல்தான் கரையைத் தொடவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

மேனேஜர் தட்டுவதை நிறுத்திவிட்டான். போய்ப் பார்த்தேன், முடிந்துவிட்டது. சத்தம் இருந்தபோது பயந்தேன். இப்போது சத்தமில்லாத அறைதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

பெரியவள் கிடைத்துவிட்டாள். வாஷிங் மெஷின் பின்னால். நின்ற நிலையில் இருக்கிறாள், கால்கள் வயிற்றுக்கு அடியில் சுருண்டிருக்கின்றன. நீ எழுதியது அப்படியேதான். ஒரு பக்கத்தில் இரண்டு கால்கள் கோணலாக இருக்கின்றன. புதுத்தோல் காயுமுன்னே நான் கைக்குட்டையில் இறுக்கியதால்தான் இருக்க வேண்டும். இரை பிடிக்க முடியாமல் போயிருப்பாள். இவள் விஷயத்தில் நீ சொன்னது சரி, நான் அவசரப்பட்டேன். இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இப்போது புதைக்கவில்லை. கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி வைக்கும் பெரிய உறை ஒன்று கொண்டுவந்து, லென்ஸ் துடைக்கும் துணி விரித்து, அதில் வைத்திருக்கிறேன். மூடி திறந்தே இருக்கிறது. காலையில் பார்க்கிறேன், வேலை முடிந்து வந்து பார்க்கிறேன். அசையவில்லை. அசையாது என்றும் தெரிகிறது. ஆனாலும் என் கண்மேல் எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. கடையில் கண் பவர் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன் என்று முதலாளி, "என்னம்மா, உங்களுக்கே ஒரு கண்ணாடி போட்டுரலாமா?" என்று கேலி செய்கிறார்.

நீ வந்து பார்த்துச் சொல். எத்தனை நாள் ஆனாலும் சரி. இந்தத் தடவை உனக்காகக் காத்திருக்கிறேன்.

உன் அண்ணி

—

ஜூலை 20

என் அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே பையில் இன்று வந்தன. மே மாதத்துக் கடிதத்தை முதலில் படித்தேன். அப்புறம் மருந்து அறையைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே ஒருத்தன் பல்வலி என்று நின்றான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். என்னிடமிருந்து எதை மறைத்தீர்கள், அதை நீங்கள் ஒருத்தியாக இத்தனை மாதம் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள் என்று நினைத்தால் தாங்க முடியவில்லை. அதன்மேல் நானும் 'சரியாகப் பார்த்தார்களா' என்று ஒரு வரி எழுதி, உங்களுக்கிருந்த ஒரே நிம்மதியையும் பிடுங்கிவிட்டேன். அந்த வரியை நான்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் கேப்டனும் இன்னொருவரும் பக்கத்தில் நிற்பார்கள். நாடி பார்த்தவர் எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் போர்வையை மேலே இழுக்க மாட்டார்கள். அந்த வேலை என்னுடையது. எத்தனையோ தடவை குரல் நடுங்காமல் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு மட்டும் சொன்னதில்லை. மனசுக்குள்கூட. அதனால்தான் அண்ணி, உங்களால் போர்வையை இழுத்து மூட முடியவில்லை.

நீங்கள் எழுதியதை எல்லாம் பார்த்தேன். உங்கள் கை அவன் நெஞ்சில் இருந்தது, உங்கள் கண் அவன்மேல் இருந்தது. நான் வந்திருந்தாலும் இதற்குமேல் பார்த்திருக்க மாட்டேன். இப்போது சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சமையல்காரரும் எஞ்சின்காரர் ஒருவரும் எதிரே இருக்கிறார்கள். ரெண்டு பேரும் சாட்சி என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கேட்கும்படி நம் பாஷையிலேயே சொன்னேன்.

என் அண்ணன் இறந்துவிட்டான்.

அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் இருவரும் எழுந்து நின்றார்கள்.

பெரியவளும்தான் அண்ணி. நீங்கள் சொன்ன அடையாளம் சரி. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், உறையை மூடிப் புதைத்துவிடுங்கள். அடுத்த கரையில் இறங்கி வருகிறேன். எதையும் பார்த்துச் சொல்வதற்காக இல்லை, உங்களோடு இருப்பதற்காக.

உங்கள் நாத்தனார்